வீதிச் சிலையும் வரலாற்று நீதியும்

கல் நாட்டி வீரனைப் போற்றுவது தமிழ் மண்ணின் தொல்மரபு. போரிற்பட்ட மறவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறைகளாக வகுத்துரைக்கும். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட, தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் இம்மரபின் பழைமைக்குச் சான்று. ஊரின் ஆநிரையைக் காக்கப் போரிட்டு மடிந்தவனுக்கு அவ்வூர் மக்களே எடுத்த கல் நடுகல். காத்தவனைக் காக்கப்பட்டோர் நினைவுகூரும் நன்றிக்கடன் அது. எனவே, ஒரு வீரனுக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தைக் காணும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இவன் யாரைக் காத்தான்? இச்சின்னத்தை எடுத்தவர் யார்? யார் கண்முன் இதை நிறுத்தினர்?

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கூற இயலாமல், சென்னை மாநகரின் தலையாய வீதியில் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக நின்ற சிலை ஒன்று உண்டு. அதுவே கர்னல் நீல் சிலை. அது நின்ற கதையும் அகன்ற கதையும் இன்றைய மாணவர் பலருக்குத் தெரியா. தெரிந்தோரும் அதனை விடுதலைப் போரின் சிறுநிகழ்ச்சி என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். உலகின் பல நாடுகளில் சிலைகளும் ஊர்ப்பெயர்களும் விவாதப் பொருளாகியுள்ள இந்நாளில், அக்கதையை மீண்டும் எண்ணிப் பார்த்தல் பயனுடையது எனக் கருதுகிறோம்.

நம்மில் சிலர் ஐயுறலாம். உருவங்கள் எழுப்புவதில் உடன்பாடில்லாத சமயத்தார் சிலையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? பெரியோரைப் பள்ளிவாசலாலும் கல்விக்கூடத்தாலும் கிணற்றாலும் வக்ஃபு நிலத்தாலும் நினைவுகூர்வதே நம் முன்னோர் கண்ட வழி. நிலைத்த தருமமே நினைவுச்சின்னம் என்பது நம் கொள்கை. அஃது உண்மையே. ஆயினும் இங்கு நாம் ஆராய்வது வழிபாட்டைப் பற்றியதன்று. எல்லார்க்கும் பொதுவான வீதியில், எல்லார் பெயராலும் யாருக்கு மரியாதை செய்யப்படுகிறது என்பதே இங்குள்ள கேள்வி. அவ்வீதியில் நடக்கும் ஒவ்வொரு குடிமகனுக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு.

யார் இந்த நீல்?

ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் 1810ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கும்பெனியின் படையிற் சேர்ந்து, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதராஸ் பியூசிலியர்ஸ் என்னும் ஐரோப்பியப் படைப்பிரிவின் தலைவராக உயர்ந்தார். 1857ஆம் ஆண்டு மே மாதம் மீரட்டிலும் தில்லியிலும் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, இப்படைப்பிரிவு சென்னையிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா சென்று அங்கிருந்து வடக்கு நோக்கி விரைந்தது. நீல் சென்னைக்கு உரியவரானது இவ்வகையில்தான். சென்னை மக்களுக்கு அவர் செய்த நன்மை எதுவும் வரலாற்றில் இல்லை.

ஜூன் தொடக்கத்தில் அவர் காசியை அடைந்தார். அங்குச் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்க முற்பட்டபோது மோதல் மூண்டது. அதனைத் தொடர்ந்து நகரிலும் சுற்றுப்புறத்திலும் தூக்குமரங்கள் எழுந்தன. ஜூன் 11ஆம் நாள் அலகாபாத் கோட்டையை அடைந்தார். அங்கு மௌலவி லியாகத் அலி என்னும் பள்ளியாசிரியர், குஸ்ரூ பாகைத் தம் தலைமையிடமாகக் கொண்டு, பேரரசர் பகதூர் ஷாவின் பெயரால் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். சில நாள்களில் அலகாபாத் நீலின் கைக்கு வந்தது. நகரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் எரிக்கப்பட்டன. குற்றம் செய்தோர், செய்யாதோர் என்னும் வேறுபாடின்றி மக்கள் தூக்கிலிடப்பட்டனர். அந்நாள்களில் அலகாபாத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் கொல்லப்பட்டதாக வங்காளத்துப் பயண நூலாசிரியர் போலாநாத் சந்தர் எழுதியுள்ளார். எண்ணிக்கை குறித்துக் கருத்து வேறுபாடு கொள்வோர் இருக்கலாம். நிகழ்ந்ததை மறுப்பார் இலர்.

கான்பூருக்கு முன்னணிப் படையுடன் ரெனாட் என்னும் அதிகாரியை அனுப்பியபோது நீல் எழுதிக்கொடுத்த ஆணை எழுத்து வடிவிலேயே எஞ்சியுள்ளது. வழியிலுள்ள சில ஊர்களைக் குறிப்பிட்டு, அவற்றை அழித்து அங்குள்ள ஆடவரைக் கொன்றுவிடுமாறு அதில் பணித்தார். பதேபூர் நகரில் பட்டாணியர் வாழும் பகுதியை அதன் மக்களோடு அழிக்கச் சொன்னார். அந்நகரின் துணை ஆட்சியர் பிடிபட்டால் தூக்கிலிட்டு, தலையைக் கொய்து, முஸ்லிம்களின் முதன்மையான கட்டடமொன்றில் நட்டு வைக்குமாறும் எழுதினார். சிப்பாய்ப் போரின் வரலாற்றை விரிவாக எழுதிய ஆங்கிலேயர் ஜான் வில்லியம் கே தம் நூலில் இவ்வாணையைப் பதிவு செய்துள்ளார். இதனைப் பகைவர் கட்டிய கதை என்று எவரும் தள்ளிவிட முடியாது.

பழிக்குப் பழி என்னும் வாதம்

நீலைப் போற்றுவோர் உடனே கான்பூரைச் சுட்டுவர். அதனை நாமும் மறைக்கவில்லை. 1857 ஜூலை 15ஆம் நாள் கான்பூர் பீபிகர் இல்லத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டு, அவர்தம் உடல்கள் கிணற்றில் எறியப்பட்டன. அது கொடுமையிலும் கொடுமை. போரில் பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். படை அனுப்பிய கலீஃபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள், கனிதரும் மரத்தைக்கூட வெட்டலாகாது என்று படைத்தலைவருக்கு அறிவுறுத்தினார்கள். இவ்வளவுகோலைக் கைக்கொண்டோர் பீபிகர் கொலையை எந்நாளும் நியாயப்படுத்தார். நாட்டு விடுதலையின் பெயரால் நடந்ததாயினும் அது பாவமே.

ஆனால் காலவரிசையை நோக்குக. பீபிகர் கொலை நிகழ்ந்தது ஜூலை நடுவில். காசியிலும் அலகாபாத்திலும் நீல் ஆடிய வேட்டை ஜூன் மாதத்தில். கான்பூர்க் கொடுமைக்கு வஞ்சம் தீர்க்கவே நீல் கொன்றார் என்பது, பின் நிகழ்ந்ததை முன் நிகழ்ந்ததற்குக் காரணமாக்கும் பிழை. அலகாபாத்தில் சிப்பாய்கள் தம் அதிகாரிகளைக் கொன்றது உண்மை. அக்குற்றத்துக்கு உரியவர் அச்சிப்பாய்கள். அவர்களோடு ஊர் ஊராகக் குடியானவரும் நெசவாளரும் வணிகரும் ஏன் மடிய வேண்டும்? இவ்வினாவுக்கு நீலின் ஆதரவாளர் எவரும் தக்க விடை கூறியதில்லை.

ஜூலை 20ஆம் நாள் நீல் கான்பூரை அடைந்தார். பிடிபட்டோரைத் தூக்கிலிடுமுன், பீபிகரில் உறைந்திருந்த குருதியின் ஒரு பகுதியை அவர்களைக் கொண்டே துடைக்கச் செய்தார். மறுத்தவர் சவுக்கடி பெற்றனர். நீதிமன்ற அலுவலராயிருந்த முஸ்லிம் ஒருவர் அக்குருதியை நாவால் நக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டதை நீல் தம் கடிதத்தில் தாமே எழுதியுள்ளார். இந்துவும் முஸ்லிமும் தத்தம் சமயத்தால் தீட்டென விலக்கியதைச் செய்யவைத்து, உயிரோடு மானத்தையும் பறிப்பதே அவர் நோக்கம். கொல்லுதல் போர்க்களத்தில் நிகழ்வது. இழிவுபடுத்திக் கொல்லுதல் எந்த வீரநூலிலும் இல்லாதது.

1857 செப்டம்பர் 25ஆம் நாள் இலக்னோ நகருக்குள் நுழைகையில் நீல் சுடப்பட்டு இறந்தார். அவர் துணிவற்றவர் என்று நாம் கூறவில்லை. முன்னணியில் நின்று போரிட்டு மடிந்தவர்தாம். ஆனால் துணிவு ஒன்றே ஒருவனைப் போற்றுதற்குரியவன் ஆக்குமாயின், கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கும் கல் நாட்ட வேண்டிவரும். நடுகல் மரபு துணிவைப் போற்றியது, அது பிறரைக் காத்த துணிவு என்பதால்.

சிலையும் அறப்போரும்

நீல் இறந்த சில ஆண்டுகளுக்குள், 1860ஆம் ஆண்டு பொறித்த பீடத்தோடு, மவுண்ட் ரோடு எனப்பட்ட இன்றைய அண்ணா சாலையில் அவருக்குச் சிலை எழுந்தது. வடித்தவர் மேத்யூ நோபிள் என்னும் ஆங்கிலச் சிற்பி. வங்காளத்தில் பொங்கிய கலக வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர் என்று பீடத்துக் கல்வெட்டு அவரைப் புகழ்ந்தது. நாம் முன்னர்க் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இங்கே விடை கிடைத்துவிடுகிறது. அவர் காத்தது கும்பெனியின் ஆட்சியை. சின்னம் எடுத்தவர் அவ்வாட்சியால் வாழ்ந்தோர். நிறுத்தியது, அவ்வாட்சிக்கு அடங்கி வாழப் பணிக்கப்பட்ட மக்களின் கண்முன். நன்றிக்கடனாக எழுந்த கல் நடுகல். எச்சரிக்கையாக எழுந்த கல் நீல் சிலை.

1927ஆம் ஆண்டில் அச்சிலையை அகற்றக் கோரிச் சென்னையில் அறப்போர் மூண்டது. சென்னை மகாசன சபையும் காங்கிரசும் அதனை முன்னெடுத்தன. திருநெல்வேலி சோமயாஜுலு தலைமை தாங்கினார். மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் வந்து கைதாயினர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மதுரையிலிருந்து வந்த தொண்டர் இருவர் கோடரியும் உளியும் கொண்டு சிலையைத் தாக்கிச் சிறை புகுந்தனர். ஒருவர் சுப்பராயலு. மற்றவர் முகம்மது சாலியா. இவ்விரு பெயர்களையும் ஒருசேர உச்சரித்துப் பாருங்கள். நீலின் தூக்குமரத்தில் இந்துவும் முஸ்லிமும் அருகருகே தொங்கினர். எழுபது ஆண்டுகளுக்குப் பின் அந்நீலின் சிலைமுன் இந்துவும் முஸ்லிமும் அருகருகே நின்றனர். இதனினும் பொருத்தமான மறுமொழி வேறெது?

கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறு மகள் அம்மாக்கண்ணுவோடு இப்போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். தாயோடு போராடிய அச்சிறுமிக்கு லீலாவதி எனப் பெயர் சூட்டித் தம்முடன் அழைத்துச் சென்றவர் காந்தியடிகள். இளைஞராயிருந்த காமராசரும் இப்போராட்டத்தில் பங்கு கொண்டார். அவ்வாண்டு சென்னை வந்த காந்தியடிகள் போராட்டத்தின் நோக்கத்தை ஆதரித்தார். ஆயினும் அது வன்முறையின்றி நடைபெற வேண்டும், ஒரு மனிதரின் மீதும் ஓர் இனத்தின் மீதும் வெறுப்பை வளர்ப்பதாக அமையலாகாது என்று வலியுறுத்தினார். அதே ஆண்டின் இறுதியில், டாக்டர் அன்சாரி தலைமையில், சென்னையிலேயே அகில இந்தியக் காங்கிரசு கூடி முழு விடுதலையே குறிக்கோள் எனத் தீர்மானித்ததையும் இங்கு நினைவிற்கொள்ளல் தகும்.

அரசு அசையவில்லை. சிலை மேலும் பத்தாண்டு நின்றது. 1937ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையில் காங்கிரசு அமைச்சரவை பொறுப்பேற்றது. பொதுப்பணித் துறையை ஏற்ற யாகூப் ஹசன் அவ்வமைச்சரவையில் இடம்பெற்றிருந்தார். அவ்வாண்டிலேயே சிலை வீதியிலிருந்து அகற்றப்பட்டது. அது உடைக்கப்படவில்லை, கடலில் எறியப்படவில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகமே அதன் இருப்பிடமாயிற்று. 1961ஆம் ஆண்டில் அதே மவுண்ட் ரோட்டில், நீல் சிலையை எதிர்த்த காமராசருக்குச் சிலை எழுந்தது. திறந்துவைத்தவர் பிரதமர் நேரு.

மன்றோ நின்றார், நீல் அகன்றார்

சிலை எதிர்ப்பு வெறும் வெள்ளையர் வெறுப்பு என்போர் உளர். அவர்களுக்கு மறுமொழி சென்னைத் தீவுத்திடலருகே குதிரை மீதமர்ந்திருக்கிறது. சர் தாமஸ் மன்றோவும் படைவீரரே. ஐதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் எதிராகப் போரிட்டவரே. கும்பெனி ஆட்சியை நிலைநிறுத்தியவரே. 1820 முதல் 1827இல் காலரா நோயால் இறக்கும்வரை சென்னை ஆளுநராயிருந்தார். சிற்பி சாண்ட்ரி வடித்த அவர் சிலை 1839ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அங்கவடியில்லாக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் அச்சிலையை நகர மக்கள் நன்கறிவர்.

நீல் சிலையை அகற்றச் சிறை சென்ற தொண்டர்கள் மன்றோ சிலைக்கு எதிராக அத்தகைய போர் எதனையும் தொடுக்கவில்லை. காரணம் யாது? மன்றோ மக்களின் மொழிகளைக் கற்றார். ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்தார். உழவரோடு அரசு நேரே தீர்வை பேசும் இரயத்துவாரி முறையை வளர்த்தார். நாட்டுப் பள்ளிகளின் நிலையை அறிய 1822ஆம் ஆண்டில் கணக்கெடுக்க ஆணையிட்டார். நாட்டு மக்களை உயர்பதவிகளில் அமர்த்த வேண்டும் என்று எழுதினார். அவர் முறையில் குறைகள் உண்டு. தீர்வையின் பாரம் உழவரை வாட்டியதும் உண்டு. ஆயினும் அவரை ஆட்சியாளராகவே மக்கள் கண்டனர், கொலையாளியாகக் காணவில்லை. இருவரும் வெள்ளையர், இருவரும் கும்பெனிப் படையினர். ஒருவர் நின்றார், ஒருவர் அகன்றார். நிறத்தையும் சமயத்தையும் நோக்காது, செயலை நோக்கித் தீர்ப்பு வழங்கிய அறிவு அன்றைய தமிழ் மக்களுக்கு இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இரண்டு எதிர்வாதங்கள்

"அக்காலத்து மனிதரை இக்காலத்து அளவுகோலால் அளக்கலாமா?" என்பது முதல் எதிர்வாதம். கேட்பதற்கு நடுநிலையாகத் தோன்றும் இவ்வாதம் நீலுக்குப் பொருந்தாது. 1857 ஜூலை 31ஆம் நாள் தலைமை ஆளுநர் கானிங், கண்மூடித்தனமான தூக்குத் தண்டனைகளையும் ஊர் எரிப்புகளையும் கட்டுப்படுத்தும் ஆணையை வெளியிட்டார். அதற்காக அவர் நாட்டவரே அவரைக் கருணைக் கானிங் என்று எள்ளி நகையாடினர். அப்படியாயின் நீல் செய்தது வரம்பு மீறியது என்பதை அக்காலத்து ஆங்கில ஆட்சியின் தலைவரே உணர்ந்திருந்தார். இரண்டு வழிகளும் அக்காலத்தவர்முன் இருந்தன. நீல் ஒன்றைத் தேர்ந்தார், கானிங் மற்றொன்றை நாடினார். அன்று எள்ளப்பட்டவரின் அளவுகோலையே நாம் இன்று கையில் எடுக்கிறோம்.

"சிலையை அகற்றினால் வரலாறு அழிந்துபடாதா?" என்பது இரண்டாவது எதிர்வாதம். இதில் சிலையும் வரலாறும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் உள்ளது. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக வீதியில் நின்ற நீல் சிலை, அலகாபாத்தில் என்ன நிகழ்ந்தது என்று ஒருவருக்கேனும் கற்பித்ததா? இல்லை. அது கற்பித்தது புகழுரை ஒன்றையே. சிலையை அகற்ற எழுந்த போராட்டமே நீல் யாரென மக்களைத் தேடவைத்தது. வீதியில் நிற்கும் சிலை, இவரைப் போற்று என்று கட்டளையிடுகிறது. அருங்காட்சியகத்தில் நிற்கும் சிலை, இவரை ஆராய்ந்து அறி என்று அழைக்கிறது.

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸ் பிரபுவின் சிலை உள்ளது. 1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் இளமைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதன் பீடத்தில் செதுக்கப்பட்டுள்ளது. பொதுவிடத்தில் அது வென்றவனின் இறுமாப்பு. அருங்காட்சியகத்தில் அதே கல் வென்றவனுக்கு எதிரான சாட்சியம். சிறுவரைப் பிணையாகக் கொண்டதை வெற்றியெனக் கல்லில் செதுக்கிய மனநிலையைக் காட்ட நூறு பக்கம் எழுதினாலும் போதாது. கல்லே காட்டிவிடுகிறது. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மக்கள் அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையை வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளினர். பின்னர் அதனை வெளியே எடுத்த அந்நகரம் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தது. வீதியிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்னும் அவ்வழியைச் சென்னை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது. இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

நமக்குரிய பாடம்

கல்லுக்கு உரியதே பெயருக்கும் உரியது. அந்தமானில் நீல் தீவு என ஒரு தீவு இருந்தது. அலகாபாத்தில் நீலை எதிர்த்த மௌலவி லியாகத் அலி பல்லாண்டு தலைமறைவாயிருந்து, பிடிபட்டு, அதே அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே உயிர் நீத்தார். கொன்றவர் பெயரைத் தீவு தாங்கிற்று. அத்தீவுக்கூட்டத்தின் மண்ணுள் எதிர்த்தவர் அடங்கினார். 2018 டிசம்பரில் நீல் தீவின் பெயர் ஷஹீத் தீவு என மாற்றப்பட்டது. அந்தமான் தீவுகளுக்கென நேதாஜி 1943ஆம் ஆண்டில் வழங்கிய பெயர் அது. ஷஹீத் என்னும் அரபுச் சொல் உயிர்த்தியாகியைக் குறிக்கும். சான்று பகர்தல் என்னும் பொருளில் பிறந்த சொல் அது. வங்கத்துத் தலைவர் ஒருவர் விடுதலைக்கு உயிரீந்த அனைவருக்குமாக ஓர் அரபுச் சொல்லைத் தேர்ந்தார் என்பதை நம் மாணவர் நெஞ்சில் இருத்த வேண்டும்.

அதே 2018ஆம் ஆண்டில், நீலின் கொடுமையைத் தாங்கிய அலகாபாத் நகரின் பெயரும் மாற்றப்பட்டது. பிரயாக்ராஜ் என்பது இன்றைய பெயர். இவ்விரண்டு மாற்றங்களையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று நாம் நிதானமாகக் கேட்கிறோம். ஒரு மனிதர் செய்த கொடுமை இன்னதென்று சான்றுடன் சுட்டி அவர் பெயரை நீக்குவது நீதி. ஒரு பெயர் இன்ன மொழியில், இன்ன சமயத்தார் நாவில் பிறந்தது என்பதற்காகவே அதனை நீக்குவது நீதியாகாது. பிரயாகை என்னும் தொன்மையான பெயர் போற்றற்குரியதே. அதனைப் போற்றுவதற்கு மற்றொரு பெயரைத் துடைத்தல் வேண்டுமா என்பதே நம் வினா. நீலை அகற்றி மன்றோவை விட்டுவைத்த நம் முன்னோர் கையிலிருந்த துலாக்கோல் இன்றும் தேவைப்படுகிறது.

அத்துலாக்கோல் பிறருக்கு மட்டும் உரியதன்று. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியினின்று பிறழச் செய்யலாகாது என்பதும், உங்களுக்கே எதிராயினும் உண்மைக்குச் சான்று பகருங்கள் என்பதும் திருமறை நமக்கு இடும் கட்டளைகள். நம் பெயர் தாங்கிய மன்னன் என்பதற்காக ஒருவனது கொடுமையை மறைப்பதும், பிறர் பெயர் தாங்கியவன் என்பதற்காக ஒருவனது நன்மையை மறுப்பதும் ஒரே நோயின் இரு வடிவங்கள். வரலாற்றுத் தேர்வில் மதிப்பெண் பெறுவதைக் காட்டிலும் இந்நோயினின்று விடுபடுவதே கல்வியின் பயன்.

ஆகவே மூவகையினருக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம். மாணவச் செல்வங்களே! எழும்பூர் அருங்காட்சியகம் செல்லுங்கள். சோழர் செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் கண்டு வியக்கும் நீங்கள், நீல் சிலையையும் தேடிக் காணுங்கள். அவர் பெயரை மட்டும் அறிந்து திரும்பிவிடாதீர்கள். முகம்மது சாலியா, சுப்பராயலு, அஞ்சலையம்மாள் ஆகியோர் பெயர்களையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஊரில் அப்போராட்டத்துக்குச் சென்றவர் உண்டா என்று முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு நல்ல ஆய்வேடு அங்கிருந்து தொடங்கலாம்.

ஆசிரியப் பெருமக்களே! நடுகல்லைப் பாடமாக நடத்தும் நாளில் நீல் சிலையையும் உடன் நடத்துங்கள். யாரைக் காத்தான், யார் எடுத்தார், யார் கண்முன் நிறுத்தினர் என்னும் மூன்று கேள்விகளை மாணவர் கையில் கொடுங்கள். அவற்றைக் கொண்டு எந்நாட்டுச் சிலையையும் அவர்களே எடைபோட்டுக்கொள்வர்.

சமுதாயப் பெரியோர்களே! விடுதலைப் போரில் நம்மவர் பங்கைப் பேசும் மேடைகளில் பெரும் பெயர்கள் ஒலிக்கின்றன. அது நன்றே. மதுரையிலிருந்து கோடரியேந்தி வந்த தொண்டர் ஒருவர் பெயரும் அங்கு ஒலிக்கட்டும். அவருக்குச் சிலை கேட்க நாம் முன்வரவில்லை. ஏழை மாணவர் ஒருவரின் கல்விக்கு அவர் பெயரால் ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை வழங்கினால் போதும். நினைவு கல்லில் நின்றால் மழை அரிக்கும். கற்றவர் நெஞ்சில் நின்றால் அது தலைமுறை கடந்தும் வாழும்.